இருபத்தேழு வகைச் செடி

"இருபத்தேழு, ஆன்ட்டி," என்றாள் இன்ஷா. என் தங்கையின் கொல்லையில், மஞ்சளோடிய முந்திரி மரத்துக்குக் கீழே முழங்கால் போட்டிருந்தாள். பிளாஸ்டிக் குழாயில் செய்த ஒரு சட்டம், கட்டில் அகலத்துக்கு இருக்கும். அதைத் தரையில் வைத்து, அதற்குள் முளைத்திருக்கும் செடிகளில் எத்தனை வகை என்று எண்ணுவதுதான் அந்தப் பெண்ணின் படிப்பு. காலையில் இதே சட்டத்தை என் கொல்லையில், இதே அளவு நிழல் விழும் இடமாகப் பார்த்து வைத்து எண்ணியிருந்தாள். அங்கே ஆறு. பெயிலான பிள்ளையின் அம்மாவிடம் பேசுகிற குரலில் "ஆறுதான் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்திருந்தாள். நான் இரண்டு கொல்லைகளுக்கும் நடுவே இருக்கும் வரப்பில் உட்கார்ந்து, அவள் சந்தோஷப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தை மாதம். என் பக்கத்து மரங்கள் பூத்து வாசம் காற்றில் வந்துகொண்டிருந்தது. தங்கை பக்கத்திலிருந்து ஒரு வாசமும் இல்லை.

என் பெயர் அமலோற்பவமேரி. வரதராசன்பேட்டைப் பக்கத்து ஊர். இருபது வயதில் கன்னியாஸ்திரி மடத்தில் சேர்ந்து, வாய் அடங்காது என்ற ஒரே காரணத்துக்காக இரண்டே வருடத்தில் திருப்பி அனுப்பப்பட்டவள். திரும்பி வந்தவளை யார் கட்டுவான்? அப்பா அருளானந்தம் யோசித்துப் பார்த்து, மாப்பிள்ளை தேடுவதை விட்டுவிட்டு முந்திரிக்கொல்லையைச் சரிபாதியாகப் பிரித்தார். மேட்டுப் பாதி என் தங்கை ஆனி ரோஸுக்கு. பள்ளத்துப் பாதி எனக்கு. மழைக்கு மேட்டு மண் கரைந்து பள்ளத்தில்தான் சேரும், தனியாக இருக்கிறவளுக்கு அந்தச் சத்தாவது இருக்கட்டும் என்று அப்பா நினைத்தார். நல்ல மனுஷன். மேட்டிலிருந்து வேறு என்னவெல்லாம் இறங்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆனி ரோஸின் புருஷன் ஆண்ட்ரூஸ் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் ஓட்டுகிறவன். அரியலூர் மாவட்டத்தில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது அந்தக் கல்தான், அதனால் அதன்மேல் அவனுக்கு ஒரு பக்தி. நாலு வருடத்துக்கு முன்னால் உடையார்பாளையத்தில் எங்கேயோ மண்ணைச் சோதித்துக் கொடுத்தார்கள். இவனும் ஒரு பையில் மண் கொண்டுபோனான். உங்கள் மண் புளித்த மண், அமிலம் அதிகம், கடலை கிடலை போடுவதாக இருந்தால் ஏக்கருக்குச் சில மூட்டை சுண்ணாம்புத் தூள் தூவுங்கள் என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. இவன்தான் கடலையை விட்டுவிட்டுச் சுண்ணாம்பை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வந்தான். முந்திரிக்கு அந்தப் புளிப்புதான் பிடிக்கும், அப்பா காலத்திலிருந்து அதிலேதான் காய்க்கிறது என்று நான் சொன்னேன். "படிச்சவங்க மிஷின்ல பாத்துச் சொல்றாங்க, நீங்க என்னக்கா" என்றான். மூட்டைக் கணக்கெல்லாம் ஆண்ட்ரூஸுக்கு வராது. அவனுக்குத் தெரிந்த ஒரே அளவு லோடு. கிரஷரில் மிஞ்சிக் கிடந்த தூளை, எடுத்துப்போனால் போதும் என்று விட்டார்கள். அந்தக் கோடை முழுக்க, வேலை முடிந்து வரும்போதெல்லாம் ஒரு லோடு கொல்லைக்கு வந்தது. செம்மண் தெரியாமல் மாவு தட்டின பலகை மாதிரி வெளுத்துக் கிடந்தது.

முதல் வருடம் ஒன்றும் ஆகவில்லை. மரத்துக்குக் கீழே புல் பச்சையாக வந்தது. அவன் வருவோர் போவோரை எல்லாம் கூட்டிக்கொண்டுவந்து காட்டினான். அடுத்த வருடம் கொழுந்து இலை மஞ்சளாக வந்தது, நரம்பு மட்டும் பச்சை. இரும்புச் சத்து குறைச்சல் என்று கடைக்காரர் சொன்ன மருந்தையெல்லாம் அடித்தார்கள். மண்ணில் இரும்பு இருக்கிறது, ஆனால் சுண்ணாம்பு அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேருக்குத் தர மாட்டேன் என்கிறது என்று பிற்பாடு இன்ஷா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மூன்றாம் வருடம் பூ கருகிப்போனது. கொட்டை என்று பேருக்குக்கூட விழவில்லை. ஆனால் கீழே, அதுவரை எங்கள் மண்ணில் கண்ணிலேயே படாத செடி எல்லாம் முளைத்தது. துத்தி, நாயுருவி, சிறுபூளை, மூக்கிரட்டை, நெருஞ்சி, தும்பை. ஊரிலுள்ள அத்தனை செடிக்கும் யாரோ பத்திரிகை வைத்து அழைத்த மாதிரி வந்து இறங்கின.

இன்ஷா இங்கே வந்து சேர்ந்ததும் ஆண்ட்ரூஸால்தான். அவள் லெப்பைக்குடிக்காட்டுப் பெண். அத்தா அப்துல் லத்தீப் துபாயில் கடை வைத்திருக்கிறார், மகள் செடி எண்ணுகிறாள். கைவிட்ட சுண்ணாம்புக்கல் குழிகளைச் சுற்றி அவள் எண்ணிக்கொண்டிருந்தபோது, டிப்பரை நிறுத்தி என்ன ஏது என்று விசாரித்திருக்கிறான். "எங்க கொல்லைக்கு வந்து பாருங்க, இத மாதிரி பத்து மடங்கு இருக்கு" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான். மரம் சாகிற கொல்லையைக்கூடப் பெருமையாகச் சொல்ல அவனால்தான் முடியும்.

"புளிச்ச மண்ணுல அலுமினியம் கரைஞ்சு வரும் ஆன்ட்டி," என்று அன்று இன்ஷா சட்டத்தை மடக்கிக்கொண்டே விளக்கினாள். "அது வேர் நுனியக் கருக்கிடும். அதத் தாங்குற செடி கொஞ்சம்தான். கால்சியம் உள்ள எடத்துல அந்தத் தொந்தரவு இல்ல, அதனால நெறைய வகை வந்து குடியேறிடும். உங்க ரெண்டு கொல்லையும் பக்கத்துப் பக்கத்துல, ஒரே மழை, ஒரே வெயில், மண்ணு மட்டும் வேற. இப்படி ஒரு எடம் தேடினாலும் கெடைக்காது. மாஷா அல்லாஹ்."

"விதை எல்லாம் எங்கேருந்து வந்துச்சு? நாங்க போடலையே."

"விதை எங்கயும் வரும் ஆன்ட்டி. காத்துல வரும், ஆட்டு மேல ஒட்டிக்கிட்டு வரும். உங்க பக்கமும் வந்துக்கிட்டுதான் இருக்கு. யார வச்சுக்கறதுன்னு மண்ணுதான் முடிவு பண்ணுது."

"எம் மண்ணு ஆறு பேரத்தான் வச்சுக்குது. ஆனா அதுல ஒருத்தன் எனக்குச் சோறு போடுறான்," என்றேன். அவள் சிரித்தாள். சிரிப்புக்காக நான் சொல்லவில்லை.

கெட்ட பெண் இல்லை. கொண்டுவந்த பிரியாணியில் எனக்குப் பாதி எடுத்து வைத்தாள். சாப்பிட்ட பிறகு, வரப்பை ஒட்டி இருக்கும் என் முதல் வரிசை மரங்களுக்குக் கீழேயும் ஒரு தடவை எண்ணிவிட்டுப் போகிறேன் என்றாள். அந்த வரிசைதான் இரண்டு மாதமாக என் கவலை. இலை வெளுத்து வந்தது. முந்திரியைத் தாக்கும் தேயிலைக் கொசு என்று நினைத்துக்கொண்டு இரண்டு தடவை மருந்து அடித்திருந்தேன். நம் கொல்லையில் ஒன்று என்றால் முதலில் பூச்சியைத்தானே சந்தேகப்படுவோம்.

அவள் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தாள். பத்தைத் தாண்டினாள். பதினைந்தைத் தாண்டினாள். குரலில் குஷி ஏற ஏற நான் வரப்பிலிருந்து எழுந்தேன். "பத்தொம்போது, ஆன்ட்டி. இங்கயும் வந்துடுச்சு." நான் கிட்டே போய்ப் பார்த்தேன். என் மரத்தடியில், என் செம்மண்ணில், தும்பை வெள்ளையாகப் பூத்திருந்தது. அது இருந்ததை நான் பார்க்காமல் இல்லை. பார்த்தேன், வெறும் களை என்று நினைத்தேன். இன்ஷா பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து, அதிலிருந்த அமிலத்தில் ஒரு சொட்டைத் தரையில் விட்டாள். மண் சீறிக்கொண்டு நுரைத்தது. உள்ளே நாலாவது வரிசைக்குப் போய் இன்னொரு சொட்டு விட்டாள். அங்கே சொட்டு சத்தமில்லாமல் மண்ணுக்குள் இறங்கிப்போனது. இதற்கு விளக்கம் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

"சுண்ணாம்பு எப்படி இந்தப் பக்கம் வந்துச்சு?" என்று கேட்டேன். வரப்பு முழங்கால் உயரம். போன மழைக்கும் உடையவில்லை.

இன்ஷா திரும்பி, வரப்பில் ஓர் இடத்தைக் காட்டினாள். மற்ற இடமெல்லாம் புல் மூடியிருக்க, அங்கே மட்டும் ஓர் ஆள் அகலத்துக்கு மண் புதிதாக இருந்தது. "இந்த மடை வழியாத்தான் இருக்கும் ஆன்ட்டி. ஐப்பசி மழையில ஆனி ஆன்ட்டி வெட்டி விட்டாங்களாம்ல. கொல்லையில என்னென்ன வேல செஞ்சீங்கன்னு கேட்டப்ப சொன்னாங்க. தண்ணி நின்னா சுண்ணாம்பு இன்னும் எறங்கும்னு வெட்டி விட்டு, மழை நின்னதும் அடைச்சிட்டாங்களாம்." சொல்லிக்கொண்டே வந்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"என் மரத்துக்கு வழி இருக்கா, அதச் சொல்லு."

அவள் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "கந்தகம் போடலாம். ஆனா இவ்வளவு சுண்ணாம்பு கலந்துட்டா அத ஈடு கட்ட முடியாது ஆன்ட்டி. வருஷக்கணக்கா ஆகும். இந்த வரிசையோட நிக்கறதுக்கு ஒரு வாய்க்கா வெட்டுங்க." அப்புறம் மெதுவாக, "வெட்டுறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. ஒரு தடவ எண்ணிட்டுப் போயிடுறேன்" என்றாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. சாவு வீட்டில் மாலை கட்டுகிறவனுக்கு அவன் வேலை இருக்கும்.

தங்கை வீட்டுக்கு நான் நேராக நடந்தேன். ஆண்ட்ரூஸ் லோடுக்குப் போயிருந்தான். ஆனி ரோஸ் அடுப்படியில் உட்கார்ந்து கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். நான் வாசலிலேயே நின்றேன்.

"மடை வெட்டினது நீயா, அவரா?"

அவள் அரிவதை நிறுத்தவில்லை. "நாந்தான். அவுருக்குத் தெரியாது."

இல்லை என்று ஒரு பொய் சொல்வாள், நானும் கொஞ்ச நேரம் சண்டை போட்டுவிட்டு அதை நம்புவேன் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அந்த மரியாதையைக்கூட அவள் எனக்குத் தரவில்லை.

"தண்ணிய வுட்டுக் கழுவினா போவும்னு சொன்னாங்க," என்றாள்.

"எங்க போவும்?"

கத்தரிக்காய்த் துண்டுகள் தண்ணீரில் விழுந்தன. "பள்ளத்துக்குத்தான் போவும்."

"பள்ளத்துல யாரு இருக்கா?"

"உம் மரம் சாவணும்னு வெட்டலக்கா. எம் மரம் பொழைக்கணும்னு வெட்டுனேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா வுட்டுருப்பியா?" அப்போதுதான் அவள் தலையை நிமிர்த்தினாள். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கண்ணில் அழுகை இல்லை, களைப்புதான் இருந்தது. "உனக்கு அப்புறம் உங் கொல்ல எங்கக்கா போவப் போவுது? எம் புள்ளைங்களுக்குத்தான. சுண்ணாம்பு எங்களுதுல கெடந்தா என்ன, உன்னுதுல கெடந்தா என்ன. ரெண்டுல ஒண்ணாவது தேறட்டும்னு பாத்தேன்."

ஐம்பத்து மூன்று வயதில், கையும் காலும் நன்றாக இருக்கும்போதே, என்னை அவர்கள் மனசுக்குள் புதைத்துவிட்டு மேலே பயிர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் உயிரோடு இருப்பது ஏதோ தவணை நீட்டித்த மாதிரி. அதையும் அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, கணக்குச் சரியாக இருப்பதால் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சட்டியிலிருந்த கத்தரிக்காயை எடுத்து வீசியிருக்கலாம். அடங்காது என்று மடத்தில் எழுதியே அனுப்பின வாயால், "உப்பு போட்ட தண்ணியில போடு, கறுத்துடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

வாய்க்கால் வெட்டினேன். முதல் வரிசை பூத்துக் கருகியது. இரண்டாம் வரிசையில் கொழுந்து கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது, காலை வெயிலில் பார்த்தால் ஒரு மாதிரி, சாயங்காலம் பார்த்தால் ஒரு மாதிரி. தினமும் இரண்டு வேளையும் போய்ப் பார்த்தேன். ஆனி ரோஸும் நானும் கோயிலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம், நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு.

தவக்காலம் வந்ததும் முதல் கொட்டைகள் விழ ஆரம்பித்தன. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு கொல்லையிலும் முதலில் பொறுக்குகிற கொட்டைகளை, இரண்டு பிடி வைத்த பனையோலைக் கூடையில் போட்டு, அக்காள் ஒரு பிடி தங்கை ஒரு பிடியாகத் தூக்கிக்கொண்டு போய் மாதா பீடத்தடியில் வைக்க வேண்டும். சாமியார் தீர்த்தம் தெளித்த பிறகுதான் அந்த வருடத்துக் கொட்டையை வியாபாரிக்கு நிறுப்போம். கொல்லையைப் பிரித்த வருடம் அப்பா ஏற்படுத்தியது. பிரித்தது மரத்தைத்தான், பிள்ளைகளை இல்லை என்று காட்டுவதற்காக. இரண்டு வருடமாக அவள் பக்கம் ஒன்றும் விழாததால் கூடை முழுக்க என் கொட்டைதான். நான் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அவள் வழக்கம்போல வந்து தன் பிடியைப் பிடிப்பாள், ஊருக்கும் ஒன்றும் தெரியாது.

இந்த வருடம் என் பங்கைக் கூடையின் ஒரு பாதியோடு நிறுத்திக்கொண்டேன். அப்புறம் வரப்பைத் தாண்டி அவள் கொல்லைக்குள் இறங்கினேன். மழை முடிந்து மாதங்கள் ஆகியிருந்ததால் பாதிச் செடி காய்ந்து சுள்ளியாக நின்றது. இன்ஷா எண்ணின அந்த மரத்தடியில் அவள் எண்ணின மாதிரியே முழங்கால் போட்டேன். துத்தி ஒன்று. நாயுருவி ஒன்று. மூக்கிரட்டையைப் பிடுங்க முடியாமல் கிள்ளினேன். நெருஞ்சி கையைக் குத்தியது. காய்ந்து பேர் தெரியாமல் போனவற்றையும் வகைக்கு ஒன்றாகச் சேர்த்தேன். எண்ணி முடித்தபோது இருபத்து மூன்றுதான் தேறியது. மிச்சம் நாலை வெயில் கொண்டுபோயிருந்தது. சிறுபூளையைத்தான் கடைசியாக, நிறைய வைத்தேன், வெள்ளைப் பஞ்சாகப் பூத்துக் காய்ந்திருந்த கொத்து. கூடையின் மறு பாதி நிறைந்தது.

ஆனி ரோஸ் கொல்லை முனையில் வந்து நின்றிருந்தாள். நல்ல சேலை கட்டி, தலையில் முக்காடு போட்டிருந்தாள். கூடையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இது என்னக்கா?"

"உம் பங்கு. உன் கொல்லையில வெளைஞ்சது," என்றேன்.

ஊரார் இரண்டு பேர் எங்களைத் தாண்டிக் கோயிலுக்குப் போனார்கள். கூடையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்கள், அப்புறம் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். ஆனி ரோஸின் தாடை ஒரு தடவை அசைந்தது. திரும்பி வீட்டுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போக வேண்டும் என்றும் விரும்பினேன். அவள் குனிந்து தன் பக்கத்துப் பிடியைப் பிடித்தாள். பிடியோரம் நெருஞ்சி முள் இருந்தது. நான் வேண்டுமென்று வைக்கவில்லை, வைக்காமலும் இல்லை. குத்தியிருக்கும். அவள் விரலை எடுக்கவில்லை.

கூடையைத் தூக்கினோம். கோயிலுக்குப் போகும் தடம் என் கொல்லையை ஒட்டித்தான் போகிறது. நடக்க நடக்கக் காற்று பின்னாலிருந்து வீசியது. சிறுபூளைக் கொத்திலிருந்து பஞ்சு பிரிந்து, கூடைக்கு மேலே கொஞ்சம் மிதந்து, என் மரங்களுக்குள் போயிற்று. முதல் வரிசையில் கொஞ்சம் இறங்கியது. மிச்சம் இரண்டாம் வரிசையைத் தாண்டி, மூன்றாம் வரிசையையும் தாண்டி, காய்த்து நிற்கும் மரங்களுக்குக் கீழே, சருகின் மேல் போய் உட்கார்ந்தது. அதில் எதை என் மண் வைத்துக்கொள்ளும் என்பது அடுத்த மழைக்குப் பிறகுதான் தெரியும். ஆனி ரோஸும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தாள்.